மூன்று கண் பாலம்

“எடுத்தாச்சு சார். ஆமா சார், இப்பதான். எல்லாம் முடிஞ்சு வீட்டுக்கு வந்துட்டோம்,” என்று அவன் கைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தபோது, கீழே வீட்டு முற்றத்தில் அவனுடைய அப்பாவை இன்னும் குளிப்பாட்டக்கூட ஆரம்பிக்கவில்லை.

மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் பாறை மேட்டில் ஏறினால்தான் அந்த ஊரில் சிக்னல் கிடைக்கும். அதுவும் சும்மா கிடைக்காது. முகத்தை ஓடைப் பக்கம் திருப்பி, கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, சாமியாடுகிறவன் மாதிரி நிற்க வேண்டும். அவன் அப்படித்தான் நின்றுகொண்டிருந்தான்.

“முடிஞ்சா என்னப்பா? செத்த வீட்டுக்குத் தலையக் காட்டாம திரும்பிப் போக முடியுமா?” என்றார் மறுமுனையில் அவனுடைய ஆபீஸ் மேனேஜர். “முக்கால்வாசி தூரம் வந்தாச்சு. அந்தப் பாலம்தான் கண்ணுல பட மாட்டேங்குது. மூணு கண் பாலம்னு சொல்லுவியே, அதத் தாண்டுனா ஊருன்னு. இங்க கேட்டா ஒருத்தனுக்கும் தெரியல. நாங்க இப்ப நேராப் போகணுமா, திரும்பணுமா?”

“சார், கேக்கல சார். சார்?” என்று கத்திவிட்டு அவன் பேச்சைத் துண்டித்தான். நன்றாகத்தான் கேட்டது.

திரும்பினால் சித்தப்பா நிற்கிறார். அப்பாவின் தம்பி. தோளில் துண்டு, கையில் தண்ணீர் மொள்ளுகிற சொம்பு. எவ்வளவு நேரமாக நிற்கிறார், எதுவரை கேட்டார் என்பதை முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. ஆட்டு வியாபாரத்தில் ஊறிய முகம் அது. வாங்குகிறாரா விற்கிறாரா என்பதுகூட அதில் தெரியாது.

“தண்ணி காஞ்சிருச்சு. மொத சொம்பு நீதான் ஊத்தணும். வா,” என்று சொல்லிவிட்டு முன்னால் இறங்கினார்.

லாரி ஆபீஸில் அவனுக்குப் பெயர் புக்கிங். மூட்டைகளுக்கு ரசீது போடுகிற மேஜையில் உட்கார்ந்த நாள் முதல் அதுதான் பெயர். உலகத்தில் மற்றவர்களுக்கெல்லாம் ஊர் என்றால் உற்றார் உறவினர். லாரி ஆபீஸ்காரர்களுக்கு ஊர் என்றால் ரூட்டு. எந்த ரோட்டில் இருக்கிறது, எவ்வளவு பாரம் தாங்கும், திரும்பி வரும்போது லோடு கிடைக்குமா, அவ்வளவுதான் கேள்வி. அவன் வேலைக்குச் சேர்ந்த அன்று, மீசை என்பதே பெயராகிவிட்ட டிரைவர் ஒருவர், சுவரை அடைத்து மாட்டியிருந்த வரைபடத்துக்கு முன்னால் அவனைக் கொண்டுபோய் நிறுத்தினார்.

“உங்க ஊரத் தொட்டுக் காட்டு பாப்போம்.”

அவன் தேடினான். மலை இருந்தது. சாலை இருந்தது. அக்கம்பக்கத்து ஊர்கள் இருந்தன. ஓடைகூட நீலத்தில் ஒரு மயிரிழையாக நெளிந்தது. ஊர் மட்டும் இல்லை.

“மேப்புலயே இல்லாத ஊரா? அப்ப நீ எங்கதான்யா பொறந்த, ஓடுற லாரியிலயா?” என்று யாரோ கேட்க, ஆபீஸே சிரித்தது. கெட்ட சிரிப்பு ஒன்றும் இல்லை. புதிதாக வந்த எவனையும் பார்த்துச் சிரிக்கிற சிரிப்புதான். ஆனால் மீசை அரும்பிக்கொண்டிருந்த வயதில் அவனுக்கு அது போதுமானதாக இருந்தது. “இது பழைய மேப்பு. இப்பதான் அங்க பெரிய பாலம் கட்டியிருக்காங்க. மூணு வளைவு வெச்ச மூணு கண் பாலம்,” என்று சொல்லி, நீலக் கோட்டின்மேல் விரலை வைத்துவிட்டான்.

ஒரு பொய்க்குச் சோறு போட்டால் அது குடும்பத்தோடு வந்து உட்காரும். பாலத்தின் இரண்டு பக்கமும் விளக்குகள் வந்தன. பாலத்தைத் தாண்டியதும் கடைத்தெரு வந்தது. கடைத்தெரு வந்த பிறகு ஜனம் வராமல் இருக்குமா? ஆயிரக்கணக்கில் வந்தார்கள். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவனுடைய புளுகு கல்யாணமாகி, பிள்ளை பெற்று, முன்நெற்றியில் முடி கொட்டும்வரை நின்றது. அது தன்னுடைய கெட்டிக்காரத்தனம் என்றுதான் அவன் அன்று காலைவரை நினைத்திருந்தான்.

உண்மையான ஊர் இதுதான்: ஒரு பக்கம் பாறை மேடு, ஒரு பக்கம் ஓடை, நடுவில் முழங்கையை மடக்கின மாதிரி ஒரே ஒரு தெரு. ஒரு வீட்டில் தாளித்தால் கடைசி வீட்டில் தும்முவார்கள். இளவட்டங்கள் ஒவ்வொருவராகப் பிழைக்கப் போய்விட, மிஞ்சியவர்கள் பல் விழுந்தவர்களும் பல் முளைக்காதவர்களும். பேருந்து போகும் சாலை ஓடைக்கு அக்கரையில். பள்ளிக்கூடம் அக்கரையில். இடுகாடும் அக்கரையில். ஆகவே படிக்கப் போனாலும், பிழைக்கப் போனாலும், ஒரேயடியாகப் போனாலும் ஓடையைத் தாண்டித்தான் போயாக வேண்டும். தாண்டுவதற்கு வரிசையாகப் போட்ட கற்கள் இருந்தன. வேறு ஒன்றும் இல்லை.

முற்றத்தில் அப்பாவைப் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். முந்தின நாள் மாலை மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, “கொஞ்சம் மூச்சு வாங்குது,” என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவர்தான். அம்மா உள்ளே போய் விசிறியை எடுத்து வருவதற்குள் முடிந்துவிட்டது. யாருக்கும் தொந்தரவு வைக்காத சாவு என்று வந்தவர்களெல்லாம் சொன்னார்கள். அவர் இருந்ததும் அப்படித்தான்.

அவன் முதல் சொம்பை ஊற்றினான். வெந்நீர் அப்பாவின் நெஞ்சில் விழுந்து, விலா எலும்புகளின் இடுக்கில் வழிந்து இறங்கியது. சித்தப்பா தோளைத் தேய்த்தார். அடுத்த சொம்பை மொள்ளும்போது அவன் காது ஓடைப் பக்கமே இருந்தது. ஒரு வண்டிச் சத்தம் கேட்டால்கூடச் சொம்பு பாதியில் நின்றது. மேனேஜர் சும்மா விடுகிற ஆள் இல்லை. எங்கேயாவது விசாரித்து வந்து நிற்பார். ஆனால் எப்படியும் நேரம் பிடிக்கும். அதற்குள் எடுத்துவிட்டால், அடக்கமும் முடிந்துவிட்டால், இடுகாட்டுப் பக்கமே நின்று பேசி அப்படியே திருப்பி அனுப்பிவிடலாம். ஊரைப் பார்க்க மாட்டார்கள். கணக்கு சரியாக இருந்தது. அப்பாவின் காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே அந்தக் கணக்கைப் போட்டான்.

“சித்தப்பா, வெயில் ஏறுதே. சீக்கிரமா எடுத்துரலாமா?”

“உங்க அத்த வரணுமேப்பா.”

அத்தை அப்பாவுக்கு மூத்தவள். சாலையோரமாக நாலைந்து ஊர் தள்ளி வாழ்க்கைப்பட்டவள். சேதி போயிருந்தது, ஆனால் அந்தப் பக்கம் பேருந்து எப்போது வரும் என்பது பேருந்துக்கே தெரியாது. நடந்துதான் வந்துகொண்டிருப்பாள்.

“அத்தைக்கு வயசாச்சு. அவங்க எப்ப நடந்து, எப்ப வந்து சேர? அப்பாவ இப்படியே போட்டு வெச்சிருக்க முடியுமா?”

வாசற்படியில் உட்கார்ந்திருந்த அம்மா தலையைத் தூக்கினாள். “கூடப் பொறந்தவ மொகம் பாக்காம எப்படிடா அனுப்புறது? அவதான் அவர இடுப்புல தூக்கி வளத்தவ.”

“அது சரிம்மா. ஆனா…”

“உனக்கு ஆபீசுக்குப் போகணுமா?” என்று அம்மா கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

“ஆமாம்மா. லீவு குடுக்கல.”

பக்கத்தில் இருந்த அவன் மனைவி அவனைப் பார்த்தாள். எத்தனை நாள் வேண்டுமானாலும் இருந்துவிட்டு வா என்று மேனேஜர் சொன்னதை, காலையில் பேருந்தில் வரும்போது அவன்தான் அவளிடம் சொல்லியிருந்தான். அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தரையைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அவன் கன்னம் சூடாயிற்று. ஆனாலும் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

அம்மா பெஞ்சில் கிடந்தவரைப் பார்த்தாள். பிறகு, “அப்ப சரி. அவன் பொழப்புக்கு எடைஞ்சல் வேணாம். எடுங்க,” என்றாள். “அவருந்தான் அதச் சொல்லியிருப்பாரு.”

உள்ளே போய் அப்பாவின் சட்டையை எடுத்து வந்தாள். வெள்ளையில் நீலக் கோடு போட்டது, மடிப்புக் கலையாதது. போட்டுவிடும்போது கை விறைத்து உள்ளே நுழைய மறுத்தது. சித்தப்பா பொறுமையாக, தூங்குகிற குழந்தைக்குப் போடுவதுபோல, ஒவ்வொரு விரலாக மடக்கி உள்ளே நுழைத்தார். மற்ற எல்லாவற்றையும் அவர் அன்றைக்கு வேண்டுமென்றே மெதுவாகத்தான் செய்தார். பாடையின் கயிற்றை முடிச்சுப் போட்டார், பிரித்தார், மறுபடி போட்டார்.

“இந்தக் கயிறு சரியில்ல,” என்றார்.

“நல்லாத்தான இருக்கு சித்தப்பா?”

“நல்லாத்தான் இருக்கு. ஆனா சரியில்ல.”

கடைசியில் அவரும் எவ்வளவுதான் பிரித்துப் பிரித்துக் கட்டுவார்? பாடையில் கிடத்தினார்கள். தூக்குவதற்கு நாலு தோள் தேறுவதே பெரும்பாடாக இருந்தது. அவன், சித்தப்பா, தையல்காரர், பிறகு ஒரு பக்கம் காலைச் சாய்த்து நடக்கும் பால்காரர். குனிந்து கை வைத்த நேரத்தில் ஓடைக்கு அக்கரையில் ஹார்ன் அடித்தது.

அந்த ஹார்னை அவன் தூக்கத்தில் கேட்டாலும் அடையாளம் தெரிந்துகொள்வான். ஆபீஸ் வேன். அதைத் தொடர்ந்து, அதைவிடச் சத்தமாக ஒரு ஓலம் வந்தது.

“ஐயோ தம்பீ… என்னப் பாக்காமப் போயிடாதடா!”

“அத்த வந்துருச்சு,” என்றார் சித்தப்பா. பாடையிலிருந்து முதலில் கையை எடுத்தவர் அவர்தான்.

மேட்டுச் சரிவில் நின்றால் ஓடை தெரியும். மீசை டிரைவர் அத்தையின் கையைப் பிடித்து, கல் கல்லாகத் தாண்டவைத்துக்கொண்டு வந்தார். பின்னால் மேனேஜர், கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டி, காலணிகளை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு, தொந்தி முன்னால் இழுக்க, ஒவ்வொரு கல்லிலும் நின்று நின்று வந்தார். சாலையில் தனியாக அழுதுகொண்டே நடந்து போன கிழவியை நிறுத்தி விசாரித்திருக்கிறார்கள். இரண்டு பேரும் ஒரே சாவுக்குத்தான் போகிறார்கள் என்று தெரிந்திருக்கிறது. ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். அவன் காத்திருக்க மறுத்த அத்தையை, அவன் வரக் கூடாது என்றிருந்தவர்கள் கூட்டி வந்தார்கள்.

அத்தை தம்பியின் நெஞ்சில் விழுந்தாள். அம்மா அவள்மேல் விழுந்தாள். அந்த அழுகைக்குள் யாரும் வேறு எதையும் கவனிக்கவில்லை; மேனேஜர் மட்டும் பாடையைப் பார்த்தார், அவனைப் பார்த்தார்.

“முடிஞ்சிருச்சுன்னு சொன்னியேப்பா?”

அவன் குனிந்து, சித்தப்பா கட்டிய கயிற்று முடிச்சை இழுத்துப் பார்த்தான்.

“நாந்தாங்க சொல்லச் சொன்னேன்,” என்றார் சித்தப்பா. “இந்த வெயில்ல உங்களுக்கு எதுக்கு அலைச்சல்னு. தப்பா எடுத்துக்காதீங்க.”

“அதெப்படிங்க வராம இருக்க முடியும்?” என்ற மேனேஜர், அவன் தோளில் கை வைத்தார். நல்ல மனிதர். அந்தக் கையின் பாரம் தாங்க முடியாததாக இருந்தது. “பாலம் போன கதைய அத்த வண்டியில சொன்னாங்க. ஏம்பா, இவ்வளவு பெரிய நஷ்டம், எங்ககிட்ட ஒரு வார்த்த சொன்னியா நீ?”

“எது சார்?”

“அதான்ப்பா, வெள்ளத்துல அடிச்சிட்டுப் போனது.”

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. அத்தையைப் பார்த்தான். அவள் மூக்கைச் சிந்திக்கொண்டே, “ஒரே ராத்திரில போச்சுங்க, எங்க பாலம்,” என்று மேனேஜரிடம் சொன்னாள்.

“ராவோட ராவா,” என்றார் பால்காரர் உடனே. “நான்தாங்க விடிஞ்சு பாலு கொண்டுகிட்டுப் போறேன், பாலத்தக் காணோம்.”

“மூணு கண்ணும் போச்சு,” என்றார் தையல்காரர். சொல்லிவிட்டு, போதவில்லை என்று தோன்றியதோ என்னவோ, “லைட்டோட,” என்று சேர்த்துக்கொண்டார்.

காது மந்தமான கடைசி வீட்டுக் கிழவர் கையைக் காதில் குவித்து, “என்னது? பாலமா? எந்தப் பாலம்?” என்று கேட்டார். அவர் பெண்டாட்டி முழங்கையால் அவர் விலாவில் ஒரு இடி இடித்தாள். கிழவருக்குச் சட்டென்று ஞாபகம் வந்துவிட்டது. “ஆமாமா, நம்ம பாலம்! அடடா, எப்பேர்ப்பட்ட பாலம்!” என்று தலையில் கை வைத்துக்கொண்டார். செத்தவருக்காக அதுவரை அழாத மனுஷன், பாலத்துக்காகக் கண்ணைத் துடைத்தார்.

அவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். யாரும் அவனைப் பார்க்கவில்லை. தெருவில் இருந்த அத்தனை பேரும், ஊரின் மொத்த ஜனத்தொகையும், மேனேஜரையே பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவன் பக்கம் கண் போகாமல் பார்த்துக்கொண்டார்கள். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. இவர்களுக்குத் தெரியும். நேற்றோ இன்றோ தெரிந்ததில்லை. ஒவ்வொரு தடவை ஊருக்கு வந்து, நல்ல சட்டை போட்டு இந்தத் தெருவில் நடந்தபோதும், “வாப்பா, நல்லாருக்கியா?” என்று கேட்டவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

மேனேஜர் அப்பாவின் தலைமாட்டில் போய் நின்றார். “இதே சட்டதான்,” என்றார். “அன்னைக்கு ஆபீசுக்கு வந்தப்ப இதத்தான் போட்டிருந்தாரு.”

அந்த நாள் அவனுக்கு மறந்திருக்கவில்லை. டாக்டரிடம் கண்ணைக் காட்டுவதற்காக அப்பா நகரத்துக்கு வந்திருந்தார். சொல்லாமல் கொள்ளாமல் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். அவன் அவரை அவசரமாகப் பின்பக்கக் கிடங்குக்குக் கூட்டிப்போய், துணி மூட்டைகளுக்கு நடுவில் உட்காரவைத்து, “இங்கயே இருங்கப்பா. முன்னாடி ஒரே சத்தமா இருக்கும்,” என்றான். பிறகு யாரோ கூப்பிட்டு வெளியே போய்விட்டான்.

“தனியா உக்காந்திருந்தாரு. நாந்தான் கூட்டிட்டு வந்து என் ரூம்ல உக்கார வெச்சேன்,” என்று மேனேஜர் சுற்றி நின்றவர்களுக்குச் சொன்னார். “உங்க ஊரு பாலம் எப்படிங்க இருக்குன்னு கேட்டேன். மனுஷன் கொஞ்ச நேரம் என்னையே பாத்தாரு. அப்புறம் சொன்னாரு பாருங்க! போன மாசம்தான் சுண்ணாம்பு அடிச்சாங்களாம். சாயங்காலமானா காத்து அள்ளிக்கிட்டுப் போகுமாம். ‘என் பையன் வந்தா நாங்க ரெண்டு பேரும் அதுல நின்னுதாங்க பேசிக்கிட்டிருப்போம்’னாரு. மேப்புல விரல வெச்சு எடத்தக்கூடக் காட்டுனாரு. அவரு விரல் பட்ட கறை இன்னும் இருக்கு.”

அத்தை அப்பாவின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். அவனுக்கு நிற்க முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. அப்பாவோடு கடைசியாக எப்போது நின்று பேசினோம் என்று யோசித்துப் பார்த்தான். எங்கே என்பதும் நினைவுக்கு வரவில்லை.

தூக்கினார்கள். பால்காரருக்கு மாற்றாக மீசை டிரைவர் தோள் கொடுத்தார். முன்பக்கம் அவனும் சித்தப்பாவும். தெரு முடிந்து, சரிவில் இறங்கி, ஓடைக்கு வந்தார்கள். தண்ணீர் முழங்காலுக்குக் கீழேதான், ஆனால் பாசி. கல் வழியாகவே போகலாம் என்றார் சித்தப்பா. கற்கள் அகலமானவை, தட்டையானவை, அசையாதவை, ஒன்றுக்கொன்று மிகவும் நெருக்கமாகக் கிடந்தவை. வளர்ந்த ஆளின் எட்டுக்கு அவை சரிப்படவில்லை. பாரத்தோடு ஒரு கல்லைத் தாண்டி வைத்தால் தூரம், அடுத்த கல்லிலேயே வைத்தால் கால் பின்னியது. பாடை ஆடியது.

“மெதுவா, மெதுவா,” என்று பின்னாலிருந்து மேனேஜர் சொன்னார். தண்ணீரில் இறங்கி, பாடையின் பக்கத்தில் கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டே வந்தார். “ஏம்பா, எவன்யா இத இவ்வளவு கிட்டக் கிட்டப் போட்டான்? ஒரு மனுஷன் கால் வைக்கிற மாதிரியா இருக்கு? பாலம் இடிஞ்ச கல்லா இது?”

அவன் தோளில் அப்பா இருந்தார். பக்கத்தில் சித்தப்பாவின் மூச்சு கேட்டது. அவர் தலையைத் திருப்பவில்லை.

அந்தக் கற்களைப் போட்டது யார் என்று அவனுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துக்கு முதல் நாள் போகிறபோது அவன் ஓடையைப் பார்த்து அழுதான். அந்த வாரம் முழுவதும் அப்பா பாறை மேட்டிலிருந்து கல் பெயர்த்து, உருட்டி, தண்ணீரில் இறங்கி நின்று போட்டார். ஒவ்வொரு கல்லையும் போட்டுவிட்டு, அவனை அதில் நிற்க வைத்து, “இப்ப காலெடுத்து வையி,” என்பார். அவன் கால் போய் விழுந்த இடத்தில் அடுத்த கல்லைப் போட்டார்.

“ஆமா சார்,” என்றான் அவன். “பாலத்துக் கல்லுதான்.”

அடக்கம் முடிந்தது. மண் வெட்டியவர்கள் கைகால் கழுவப் போனார்கள். வேன் கிளம்பும்போது மேனேஜர், “அவசரப்பட்டு வராத. அம்மாவோட இரு. மெதுவா வா,” என்று சொல்லிவிட்டு ஏறினார். மீசை டிரைவர் கதவைச் சாத்தப் போனவர், நின்று ஓடையை ஒரு தடவை பார்த்தார். கரையை இப்படியும் அப்படியும் பார்த்தார். எத்தனையோ பாலங்களை ஏறி இறங்கிய மனுஷன். இடிந்த பாலம் கரையில் எதையெல்லாம் விட்டுவிட்டுப் போகும் என்பது அவருக்குத் தெரியாதா? மீசையை ஒரு தரம் நீவிவிட்டு, “வரேன் புக்கிங்,” என்றார். போய்விட்டார்கள்.

மற்றவர்களும் ஓடையைத் தாண்டி ஊருக்குப் போனபிறகு, கரையில் அவனும் சித்தப்பாவும்தான் மிஞ்சினார்கள். சித்தப்பா துண்டை உதறி முகத்தைத் துடைத்துக்கொண்டார். பீடி பற்றவைத்தார்.

“சித்தப்பா.”

“ம்.”

“வெள்ளத்துல போச்சுன்னு… யாரு சொல்லச் சொன்னது?”

சித்தப்பா புகையை விட்டார். சொல்லலாமா வேண்டாமா என்று இருந்தவர், சொல்லிவிட்டார்.

“உங்கப்பாதான். உங்க ஆபீசுக்கு வந்துட்டுத் திரும்புன அன்னைக்கு, வீட்டுக்குக்கூடப் போகல. நேரா வீடு வீடா ஏறி எறங்குனாரு. எல்லாம் எத்தன வீடு, ஒரு பீடி அணையறதுக்குள்ள ஊர் முடிஞ்சிருச்சு. ‘என் பையன் அங்க ஒரு பாலம் கட்டியிருக்கான்யா. அது விழாம நாமதான் பாத்துக்கணும்’னாரு. இருக்குன்னு சொன்னா வந்து பாக்குறவனுக்குத் தெரிஞ்சிடும், அதனால வெள்ளத்துல போச்சுன்னு சொல்லுங்கன்னு அவரே யோசன பண்ணிச் சொன்னாரு. அப்புறம் விட்டாரா எங்கள? ஆடு மேச்சுகிட்டு நிப்போம், திடீர்னு வந்து, ‘ஏங்க, இங்க ஒரு பாலம் இருந்துச்சே, எங்கங்க?’ம்பாரு. கரெக்டா சொல்லணும். உங்கத்த ஊருக்கு நடந்தே போய்ச் சொல்லிக் குடுத்துட்டு வந்தாரு.” சித்தப்பா இருமினார். “நாங்க விழுந்து விழுந்து சிரிப்போம்.”

“அப்பா சிரிச்சாரா?”

சித்தப்பா பீடியைக் கீழே போட்டுக் காலால் தேய்த்தார். அது அணைந்த பிறகும் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“வா. உங்கம்மா தனியா இருக்கு,” என்றார்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, எப்போதும் போல இரண்டிரண்டு கல்லாகத் தாண்டி, சித்தப்பா ஊர்ப்பக்கக் கரைக்குப் போய்விட்டார். போனவர் திரும்பி நின்றார்.

அவன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான். முதல் கல்லில் கால் வைத்தான். தாண்டிப் போடுவதற்குத் தூக்கிய காலை இறக்கி, அடுத்த கல்லில் வைத்தான். பிறகு அதற்கடுத்த கல்லில். ஒன்றையும் விடாமல், சின்னச் சின்ன எட்டாக வைத்து வந்தான். நேரமாயிற்று. சித்தப்பா கூப்பிடவில்லை, ஓடைப் பக்கம் பார்க்காமல், மேட்டில் மேய்ந்த ஆடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.